முதல் மரபணுவை எழுப்புவது யார்?

நாலு நாள் காய்ச்சல் அடித்து ஓய்ந்ததும் சிலருக்கு உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். உடம்புச் சூடு என்பார் ஒருவர். தூக்கத்தில் பல்லி எச்சில் பட்டிருக்கும் என்பார் இன்னொருவர். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்து ஆறிவிடும். அடுத்த வருஷம் வெயிலில் அலைந்தாலோ, பரீட்சை நேரத்தில் தூக்கம் கெட்டாலோ மறுபடியும் வரும். ஏறக்குறைய அதே இடத்தில் வரும். பல்லிக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.

இந்த வேலையைச் செய்வது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற வைரஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இது தொற்றியிருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் எச்சில் வழியாகத் தொற்றும். பலருக்கு ஆயுள் முழுக்க ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸ், சிறுவயதில் சின்னம்மையாக வந்துபோய், ஐம்பது அறுபது வயதில் விலாவிலோ இடுப்பைச் சுற்றியோ அக்கியாகத் திரும்புகிறது. கிராமங்களில் காவிமண்ணைக் குழைத்து ‘அக்கி எழுதுவது’ இதற்கும்தான்.

ஒரு கொப்புளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உதட்டில் தேடினால் வைரஸ் கிடைக்காது. உடம்பை விட்டு அது போகவும் இல்லை. அப்படியானால் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது?

‘எங்கே’ என்பதற்கு 1971இல் அமெரிக்காவில் ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜரி குக் இருவரும் விடை கண்டார்கள். சுண்டெலிகளின் பின்னங்கால் பாதத்தில் வைரஸைத் தொற்றவைத்து, புண் ஆறியபின் முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளை எடுத்தார்கள். அவற்றை அரைத்துச் சோதித்தால் வைரஸ் இல்லை. அரைக்காமல், உயிருள்ள திசுவாகவே ஊட்டக் கரைசலில் சில நாள் வைத்திருந்தால் வைரஸ் புறப்பட்டு வந்தது. முழு வைரஸ் துகள் அங்கே இல்லை. அதை மறுபடி உண்டாக்கவல்ல டி.என்.ஏ. இருக்கிறது. மனிதர்களில், முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முடிச்சில் அது தங்குகிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. நரம்பின் எந்த இழை வழியாக உள்ளே போனதோ அதே வழியாகத் திரும்புவதால்தான் கொப்புளம் இடம் மாறுவதில்லை.

மிஞ்சியது ‘என்ன நிலையில்’ என்ற கேள்வி. உதட்டுத் தோலில் ஒரே நாளுக்குள் தன்னைப் பல நூறாகப் பெருக்கிக்கொள்ளும் டி.என்.ஏ., நரம்பு முடிச்சில் வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. இரண்டு இடத்திலும் அதே மரபணுக்கள். எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இரவல் நொதி

மரபணு என்பது டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி அதன்மேல் நகர்ந்து ஓர் ஆர்.என்.ஏ. படியை எடுக்க வேண்டும். இதைப் படியெடுத்தல் என்கிறோம். அந்தப் படி செல்லின் உட்கருவை விட்டு வெளியே வந்தபின், அதில் உள்ள தகவல்படி புரதம் கோக்கப்படுகிறது. இவ்வளவும் நடந்தால்தான் மரபணு வெளிப்பட்டது என்று பொருள். ஒவ்வொரு மரபணுவின் முன்னாலும் ஒரு தொடக்கப் பகுதி உண்டு. அங்கே ஒட்டிக்கொள்ளும் சில புரதங்கள் பாலிமரேஸை வரவழைக்கும். வேறு சில வரவிடாமல் தடுக்கும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1இன் டி.என்.ஏ.வில் சுமார் 1,52,000 எழுத்துகள், ஏறத்தாழ 80 மரபணுக்கள். வைரஸ்களில் இது பெரிய சொத்து. இருந்தும் ஆர்.என்.ஏ. படியெடுக்கும் நொதி அதில் இல்லை. நம் செல்லின் நொதியைத்தான் இரவல் வாங்க வேண்டும். அந்த நொதிக்கோ நம்முடைய 20,000 மரபணுக்களைக் கவனிக்கும் வேலை இருக்கிறது. போதாததற்கு, உட்கருவுக்குள் அந்நிய டி.என்.ஏ. நுழைந்தவுடன் செல் அதை ஹிஸ்டோன் என்ற புரதங்களில் இறுக்கிச் சுற்றி, படியெடுக்க முடியாதபடி அடக்கப் பார்க்கிறது. இந்த நிலையில் 80 மரபணுக்களும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் வைரஸுக்குப் பயனில்லை. டி.என்.ஏ. நகல் தயாராகும் முன்பே அதைப் பொதிக்கும் உறை தயாராகி என்ன செய்ய? ஆகவே மரபணுக்கள் ஒரு வரிசையில் வெளிப்படுகின்றன.

வரிசையைக் கண்டுபிடித்த விதம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹோனஸ், பெர்னார்ட் ராய்ஸ்மன் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அவர்கள் கையில் இரண்டு மருந்துகள் இருந்தன. சைக்ளோஹெக்சிமைடு, செல்லில் புரத உற்பத்தியை நிறுத்தும். கழுவிவிட்டால் உற்பத்தி மீண்டும் தொடங்கும். ஆக்டினோமைசின் டி, புதிதாக ஆர்.என்.ஏ. எடுப்பதை நிறுத்தும்.

செல்களுக்கு முதலில் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்து, வைரஸைத் தொற்றவைத்தார்கள். புதுப் புரதம் ஒன்றுகூட உருவாக முடியாது. ஆனால் படியெடுத்தலுக்குத் தடையில்லை. எந்த மரபணுக்களுக்கு வைரஸின் புதுப் புரதம் தேவையில்லையோ அவற்றின் ஆர்.என்.ஏ. மட்டும் சேர்ந்துகொண்டே போகும். சில மணி நேரம் கழித்து முதல் மருந்தைக் கழுவிவிட்டு இரண்டாவதைச் சேர்த்தார்கள். இப்போது புதிய படி எடுக்க வழியில்லை. சேர்ந்திருக்கும் படிகளிலிருந்து மட்டும் புரதம் வரும். வந்தவை ஒரு சிறு கூட்டம். அவற்றுக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். இவை முதல் அலை.

ஆக்டினோமைசினைச் சேர்க்காமல் விட்டால், ஆல்ஃபா புரதங்கள் வந்தபின் வேறொரு கூட்டம், பீட்டா, வந்தது, அதன்பின் காமா. ஆல்ஃபா இல்லாவிட்டால் பீட்டா இல்லை. பீட்டா வந்ததும் ஆல்ஃபா உற்பத்தி தணிந்தது. ஒவ்வொரு அலையும் அடுத்ததைக் கிளப்பி, முந்தியதை அடக்குகிறது.

இதில் ஒரு சந்தேகம் எழலாம். ஆல்ஃபா புரதங்கள் உண்மையிலேயே பீட்டாவை எழுப்புகின்றனவா, அல்லது இரண்டும் தற்செயலாக முன்பின் நடக்கின்றனவா? அதைத் தீர்க்க மறு ஆண்டே அவர்கள் கேனவனின் என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். வாளவரை இனத்து விதைகளில் இருக்கும் அமினோ அமிலம் இது. ஆர்ஜினைனைப் போலவே இருப்பதால் செல் ஏமாந்து புரதத்துக்குள் கோத்துவிடும். அப்படிப் பிறக்கும் புரதம் பார்வைக்கு முழுசாக இருந்தாலும் வேலைக்கு உதவாது. ஊனமுற்ற ஆல்ஃபா புரதங்கள் குவிந்தன. பீட்டா எட்டிப் பார்க்கவில்லை. ஆக, ஆல்ஃபா புரதங்கள் இருந்தால் போதாது, வேலை செய்ய வேண்டும் என்பது நிரூபணமானது.

முதல் அலைக்கு முன்னால்

மூன்றாவதை இரண்டாவது எழுப்புகிறது, இரண்டாவதை முதல் அலை எழுப்புகிறது. முதல் அலையை எழுப்புவது யார்?

மேலே சொன்ன சோதனையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. செல்லில் ஒரு புதுப் புரதம்கூட உருவாகாதபோதும் ஆல்ஃபா மரபணுக்கள் சுறுசுறுப்பாகப் படியெடுக்கப்பட்டன. ஆகவே எழுப்பும் புரதம் செல்லில் முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது வைரஸ் துகளுக்குள்ளேயே வந்திருக்க வேண்டும். 1984இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கிறிஸ் பிரஸ்டனின் குழு, வைரஸ் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகச் செல்களுக்குள் செலுத்தி, எந்தத் துண்டு ஆல்ஃபா மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்று தேடியது. அகப்பட்ட புரதத்தை இன்று வி.பி.16 என்கிறார்கள். வைரஸின் உள்ளுறைக்கும் வெளிப்படலத்துக்கும் இடையே புரதங்கள் நிறைந்த ஓர் அடுக்கு உண்டு. ஒவ்வொரு துகளிலும் அந்த அடுக்கில் சுமார் 500 முதல் 1,000 வரை வி.பி.16 மூலக்கூறுகள் இருக்கின்றன.

வியப்பு என்னவென்றால், வி.பி.16க்கான மரபணு கடைசி அலையைச் சேர்ந்தது. போன சுற்றின் முடிவில் உற்பத்தியான புரதம் இந்தச் சுற்றின் தொடக்கத்துக்கு உதவுகிறது. எவ்வளவு கெட்டிப் பாலானாலும் தானாகத் தயிராகாது. நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் விட்டாக வேண்டும். வி.பி.16தான் வைரஸின் உறைமோர். ஒவ்வொரு வைரஸும் கிளம்பும்போதே அடுத்த செல்லுக்கான ஒரு கரண்டியை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்புகிறது.

வி.பி.16 தனியாக வேலை செய்வதில்லை. செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே, எச்.சி.எஃப்.1 என்ற நம்முடைய புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகிறது. அங்கே ஆக்ட்-1 என்ற இன்னொரு புரதம் ஆல்ஃபா மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பிடித்திருக்கும். மூன்றும் ஒட்டியதும் வி.பி.16இன் வால் பகுதி பாலிமரேஸையும் அதன் துணைப் புரதங்களையும் இழுத்து வருகிறது. எச்.சி.எஃப்.1 வேறு சில நொதிகளைக் கூட்டி வந்து ஹிஸ்டோன்களின் பிடியைத் தளர்த்துகிறது. அந்த வால் பகுதியின் வலிமை அசாதாரணமானது. 1988இல் மார்க் டாஷ்னியின் குழு அதை வெட்டி ஈஸ்டின் ஒரு புரதத்தோடு ஒட்டியபோது, அந்தக் கலப்புப் புரதம் மரபணுக்களை மிகத் தீவிரமாக எழுப்பியது. அன்றுமுதல், விருப்பப்பட்ட மரபணுவை இயக்கிப் பார்க்கும் ஆய்வகக் கருவியாக அது உலகெங்கும் புழங்குகிறது.

ஐந்து பேர் குழு

வி.பி.16 எழுப்பும் முதல் அலையில் ஐந்து புரதங்கள் முக்கியமானவை. இவற்றின் பெயர்கள் வெறும் வரிசை எண்கள்.

ஐ.சி.பி.4தான் தலைமை. இரண்டாம், மூன்றாம் அலை மரபணுக்களின் தொடக்கப் பகுதிக்குப் பாலிமரேஸைச் சேர்ப்பது அதன் வேலை. தன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் தானே ஒட்டிக்கொண்டு தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதும் அதுதான். வெப்பநிலை உயர்ந்தால் மட்டும் ஐ.சி.பி.4 செயலிழக்கும்படியான ஒரு திரிபு வைரஸ் கிளாஸ்கோவில் இருந்தது. அதைச் சூடான செல்களில் விட்டபோது முதல் அலைப் புரதங்கள் அளவுக்கு மீறிக் குவிந்தன. அடுத்த அலைகள் வரவில்லை. அடுத்ததைக் கிளப்புவது, முந்தியதை அடக்குவது என்ற இரண்டு பொறுப்பும் ஒரே புரதத்திடம் இருப்பது இப்படித் தெரிந்தது.

ஐ.சி.பி.0, அடக்குமுறையை உடைக்கிறது. நம் உட்கருவில் பி.எம்.எல். என்ற புரதம் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். அந்நிய டி.என்.ஏ. வந்தால் இவை அதைச் சூழ்ந்துகொண்டு முடக்கும். ஐ.சி.பி.0 இந்தப் புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளத்தைப் பதிக்கிறது. அடையாளம் விழுந்த புரதத்தைச் செல்லே குப்பையென்று எண்ணி அழித்துவிடுகிறது. ஐ.சி.பி.0 இல்லாத வைரஸ், கொஞ்சமாகத் தொற்றும்போது பெரும்பாலும் முடங்கிப் போகிறது.

ஐ.சி.பி.27, படியெடுத்த பிறகு நடப்பதைக் கவனிக்கிறது. நம் மரபணுக்களின் ஆர்.என்.ஏ.விலிருந்து தேவையற்ற இடைப்பகுதிகளை வெட்டி ஒட்டிய பிறகே அது உட்கருவை விட்டு வெளியேறும். வைரஸ் மரபணுக்கள் பெரும்பாலானவற்றில் இடைப்பகுதியே கிடையாது. ஐ.சி.பி.27 வெட்டி ஒட்டும் வேலைக்கு இடையூறு செய்து, வைரஸ் ஆர்.என்.ஏ.வை வெளியே கொண்டு சேர்க்கிறது. ஐ.சி.பி.22, பாலிமரேஸையே வைரஸுக்கு ஏற்றபடி வேதிமாற்றம் செய்கிறது. ஐந்தாவதான ஐ.சி.பி.47 மட்டும் மரபணுப் பக்கம் போவதில்லை; தொற்றிய செல்லை நோயெதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காணாதபடி மறைக்கிறது.

நகலும் பொதியும்

தொற்றிய சில மணி நேரத்தில் இரண்டாம் அலை உச்சத்துக்கு வருகிறது. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ், இழைகளைப் பிரிக்கும் நொதி, மூலப்பொருள் தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் ஆகியவை இதில் அடக்கம்.

மருத்துவம் கைவைத்தது இங்கேதான். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஹோவர்ட் ஷேஃபர், கெர்ட்ரூட் எலியன் குழுவினர் உருவாக்கிய அசைக்ளோவிர், உள்ளே போகும்போது வீரியமற்ற பொருள். வைரஸின் தைமிடின் கைனேஸ் அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிய பிறகே அது மருந்தாகும் வழிக்கு வரும். பிறகு வைரஸின் டி.என்.ஏ. இழைக்குள் புகுந்து, இழை மேற்கொண்டு நீளாதபடி முடித்துவைக்கும். வைரஸ் இல்லாத செல்லில் அந்தக் கைனேஸ் இல்லை. ஆகவே பெரிய கெடுதியும் இல்லை. 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்த மருந்தும் பேசப்பட்டது. உதட்டில் குறுகுறுப்பு தொடங்கியதுமே மாத்திரையைத் தொடங்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். கொப்புளம் பழுத்து நிற்கும்போது நகலெடுப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

மூன்றாம் அலையில் உறைக்கும் பொதிக்கும் தேவையான புரதங்கள் வருகின்றன. வைரஸ் டி.என்.ஏ.வின் நகலெடுப்பை மட்டும் மருந்தால் தடுத்துப் பார்த்தால், இவற்றில் சில மரபணுக்கள் கொஞ்சம் வெளிப்படுகின்றன. சில அறவே வெளிப்படுவதில்லை. நகல் தயாராகாமல் பொதிக்கும் சாமான் வராது என்ற ஏற்பாடு இதில் தெரிகிறது. வைரஸோடு உள்ளே வரும் இன்னொரு புரதம், தொடக்கம் முதலே செல்லின் ஆர்.என்.ஏ.வையும் வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் பாகுபாடில்லாமல் வெட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பழைய அலையின் படிகள் தேங்காமல் புதிய அலைக்கு இடம் கிடைக்கிறது. கடைசி அலையில் புதிதாக உருவாகும் வி.பி.16 அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானும் புதிய துகள்களில் ஏறிக்கொள்கிறது. தொற்றியதிலிருந்து சுமார் 18 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது.

உறைமோர் போய்ச் சேராத இடம்

நரம்பணுவில் இந்த வரிசை தொடக்கத்திலேயே தடுக்கிவிடுகிறது. உதட்டுத் தோலில் வைரஸ் நுழைவது நரம்பின் நுனியில். உட்கரு இருப்பதோ பல சென்டிமீட்டர் தள்ளி, மண்டையோட்டின் அடியில். டி.என்.ஏ. இருக்கும் உள்ளுறை நரம்பிழை வழியாக அவ்வளவு தூரம் பயணம் செய்கிறது; வி.பி.16 வழியிலேயே கழன்றுவிடுகிறது. உணர்வு நரம்பணுக்களில் எச்.சி.எஃப்.1உம் உட்கருவுக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கிறது. டி.என்.ஏ. மட்டும் தனியாகப் போய்ச் சேர, ஹிஸ்டோன்கள் அதை இறுக்கிவிடுகின்றன.

முழு மௌனம் என்றும் சொல்ல முடியாது. 1987இல் ஸ்டீவன்ஸின் குழு, உறங்கும் நிலையிலும் வைரஸ் டி.என்.ஏ.வின் ஒரு பகுதி தாராளமாகப் படியெடுக்கப்படுவதைக் கண்டது. அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. அந்தப் பகுதியிலிருந்து சில குறு ஆர்.என்.ஏ.க்கள் வருவதும், அவை ஐ.சி.பி.0, ஐ.சி.பி.4 ஆகியவற்றின் உற்பத்தியைக் குறைக்கக்கூடியவை என்பதும் 2008இல் தெரிந்தது. அதாவது உறக்கத்தையும் வைரஸ் தன் பங்குக்குக் காவல் காக்கிறது.

காய்ச்சல், வெயில், மன அழுத்தம் போன்றவற்றால் நரம்பணு தடுமாறும்போது ஹிஸ்டோன்களின் பிடி தளர்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த எலி நரம்பணுக்களில் அப்போது மூன்று அலை மரபணுக்களும் வரிசை தப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டன. புதிதாக உருவான வி.பி.16 உட்கருவில் சேர்ந்த பிறகே பழைய ஒழுங்கு திரும்பியது.

அசைக்ளோவிர் ஏன் இந்த வைரஸை ஒழிப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். உறங்கும் வைரஸ் தைமிடின் கைனேஸை உருவாக்குவதில்லை. மருந்து அதைக் கடந்து போய்விடும். முதல் அலையையே தடுக்க முடியுமா என்று தேடுகிறவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள். எச்.சி.எஃப்.1 கூட்டி வரும் நொதிகளில் எல்.எஸ்.டி.1 ஒன்று. மனச்சோர்வுக்குத் தரப்படும் டிரானில்சைப்ரோமின் என்ற பழைய மருந்து அந்த நொதியையும் தடுக்கும். அதைக் கொடுத்தால் ஆல்ஃபா மரபணுக்கள் அடங்குவதையும், சுண்டெலியின் நரம்பு முடிச்சிலிருந்து வைரஸ் கிளம்பாததையும் 2009இல் தாமஸ் கிறிஸ்டியின் குழு காட்டியது. இது இன்னும் ஆய்வகத்து முடிவுதான். உதட்டுக் கொப்புளத்துக்கான மருந்தாகவில்லை.

நடுவில் நிறுத்திய வைரஸ்

வரிசை தெரிந்தவர்களுக்கு அதை மாற்றியமைக்கவும் கை வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக், திருத்தியமைத்த ஹெர்பிஸ் வைரஸ்தான். அதில் ஐ.சி.பி.47 மரபணுவை வெட்டியதும், பக்கத்தில் இருந்த ஒரு கடைசி அலை மரபணு முதல் அலையின் தொடக்கப் பகுதிக்குக் கீழ் வந்தது. நேரம் மாறி முன்கூட்டியே வெளிப்படும் அந்தப் புரதம், புற்றுச் செல்லில் வைரஸ் பெருகக் கைகொடுக்கிறது.

இன்னொரு மருந்து ஐ.சி.பி.4ஐயே நீக்கியது. தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் பிணைக்கும் கொலாஜன் 7 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, லேசாக உரசினாலே தோல் கொப்பளித்து உரியும். அவர்களுக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வைஜுவெக் என்ற களிம்பில் இருப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1. ஐ.சி.பி.4, ஐ.சி.பி.22 இரண்டையும் எடுத்துவிட்டு, ஐ.சி.பி.4 இருந்த இடத்தில் கொலாஜன் 7 மரபணுவை வைத்திருக்கிறார்கள். புண்ணில் தடவியதும் வைரஸ் தோல் செல்லுக்குள் போகிறது, இரண்டாம் அலைக்குப் போக வழியில்லாமல் நிற்கிறது, பெருகுவதில்லை. அது கொண்டுவந்த மரபணுவிலிருந்து கொலாஜன் மட்டும் உற்பத்தியாகிறது.

பெருக முடியாத வைரஸைத் தொழிற்சாலையில் எப்படிப் பெருக்குவது? ஐ.சி.பி.4, ஐ.சி.பி.22 இரண்டையும் தாங்களே உற்பத்தி செய்யும்படி மாற்றியமைத்த செல்களில் வளர்க்கிறார்கள். வைரஸுக்கு இல்லாததைச் செல் கொடுத்துவிடுகிறது. ஐ.சி.பி.4ஐ வைத்து இந்த உத்தியைச் செய்து காட்டியவர்கள் நீல் டிலூகா, பிரிசில்லா ஷேஃபர் குழுவினர், 1985இல், ஹார்வர்டில். மருந்து தயாரிப்பது அன்று அவர்கள் நோக்கமில்லை. ஐ.சி.பி.4 இல்லாவிட்டால் எந்த அலையோடு வைரஸ் நின்றுபோகும் என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். அதைப் பார்ப்பதற்கு, அது இல்லாத வைரஸை முதலில் வளர்த்தாக வேண்டியிருந்தது.